ஒத்த முட்ட மட்டும் வேகல

பிப்ரவரி 2, ஞாயிறு

தொடல. நான் தொடவே இல்ல. இன்னும் எத்தன வாட்டி சொல்லட்டும்? சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டுமா? முட்டையத் தண்ணியில போட்டவ நீ, அடுப்பப் பத்த வச்சவ நீ, எறக்கி வச்சவ நீ. நடுவுல நான் எங்க வந்தேன்? கண்ணு ஆப்பரேசன் முடிஞ்சு நாலு நாளாச்சு, கருப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு உக்காந்த எடத்துல பொம்மையாட்டம் உக்காந்திருக்கேன், என்னையப் போயி...

அவ எங்க இங்க இருக்கா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மாவு மில்லுக்குப் போயிட்டா. மிச்சச் சண்டைய நோட்டுல போட்டுக்கிட்டு இருக்கேன். டாக்டரு படிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு, எழுதக் கூடாதுன்னு சொல்லல. முப்பத்தஞ்சு வருசம் லாரி ஓட்டுனவன் நானு. எங்க கெளம்புனோம், எங்க பஞ்சரு, எந்த ஊர்ல மழைன்னு தெனமும் ட்ரிப்பு நோட்டு எழுதுன கையி. லாரி நின்னு போச்சு, கை நிக்கல. அஞ்சாங்கிளாஸ் எழுத்துதான், இப்ப கட்டெறும்பு சைசுல போடறேன், கண்ணாடி வழியாப் பாத்தா உலகமே சாணி கலர்ல இருக்குது.

நடந்தது இதுதான். எம் பொண்டாட்டி பாவாயி மத்தியானம் முட்டக் கொழம்புக்கு ஆறு முட்ட வேக வச்சா. எறக்கிப் பச்சத் தண்ணியில போட்டா. ஒவ்வொன்னா ஒடச்சு உரிச்சா. அஞ்சு முட்ட அல்வாத்துண்டாட்டம் வந்துச்சு. ஆறாவத சட்டி விளிம்புல தட்டுனா பாரு, பொளக்குன்னு பச்ச முட்ட! மஞ்சக்கருவு முழங்கை வரைக்கும் வழிஞ்சு சீலையில எறங்கிருச்சு.

பாவாயி யாரு? பள்ளிக்கூடத்துச் சத்துணவுல இருவத்தொம்பது வருசம் சமைச்சவ. தெனம் எரநூத்து நாப்பது முட்ட. புள்ளைக அவ பேரே சொல்லாது, முட்ட ஆயான்னுதான் கூப்புடும். ஒரு முட்ட வேகாமப் போனதா சரித்திரத்துலயே கெடையாது. அவ கையில பச்ச முட்ட ஒழுகுது! ஒரே தண்ணி, ஒரே சட்டி, ஒரே அடுப்பு. அஞ்சு வெந்துச்சு, ஒன்னு வேகல. எப்படி?

"ஏனுங்க, நீங்கதான?"ன்னா. எடுத்த உடனே எம்மேல!

சரி. அவ இந்த நோட்டப் படிக்க மாட்டா. படிக்கக் கண்ணாடி வேணும், கண்ணாடி எங்கன்னு தேடறதுலயே அவளுக்குப் பாதி நாளு போயிரும் (பாதி நாளு நான்தான் ஒளிச்சு வக்கிறது). அதனால சொல்றேன்.

தொட்டேன். ஒன்னே ஒன்னு. அவ கொல்லையில கருவேப்பில பறிக்கப் போனா. ஃப்ரிட்ஜுல இருந்து ஒரு பச்ச முட்டைய எடுத்து அந்தத் தண்ணிக்குள்ள உட்டுட்டு, வெந்தது ஒன்ன லுங்கி மடிப்புல சொருகிட்டேன். பாத்ரூம்ல உக்காந்து மொளகு தூவித் தின்னேன். என்ன ருசி!

பிப்ரவரி 3, திங்கள்

மறுக்காவும் வச்சேன்.

இன்னிக்கி அவ கெடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருவது நிமிசம் வேக வச்சா. நாலு முட்ட. தண்ணி குதிச்சுக் கொந்தளிச்சுச்சு. பால்காரன் பெல் அடிச்சான், போனா, வந்தா. அவ்வளவுதான் எனக்கு வேணும். லாரிக்காரன் ரெண்டு நிமிசத்துல டயரே மாத்துவான்.

ரெண்டாவது முட்ட ஒழுகுச்சு. இன்னிக்கி "நீங்களா"ன்னு கேக்கல. வெரல்ல ஒட்டுன வெள்ளக்கருவ ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா.

சாயங்காலம் பொண்ணுக்குப் போன் போட்டேன். செல்வராணி கோயமுத்தூர்ல இருக்கா. கலியாணமாகி எட்டு வருசம், ஊசி, மருந்து, கோயிலுன்னு சுத்தி இப்பத்தான் உண்டாயிருக்கா. இருவத்தி நாலாந்தேதி நாள் குடுத்திருக்காங்க. பஸ்ஸு காரு எதுலயும் ஏறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, அதனால பிரசவம் அங்கியே.

"ஏங்கண்ணு, உங்கம்மாளுக்கு முட்ட வேக வக்கிறது மறந்து போச்சு தெரியுமா? முட்ட ஆயாவுக்கே முட்ட வேகல!"ன்னேன். அவ கெக்கெக்கேன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். பாவாயி போன வாங்கி, "அப்பா சும்மா சொல்றாரு சாமி"ன்னா. சிரிக்கல.

பாவாயி பதினாறாந்தேதி கெளம்புறா. சனிக்கெழமை சாயங்காலம் காலண்டர்ல செவப்புப் பேனாவுல சுழிச்சு வச்சா. கொழந்தைக்கு அஞ்சு மாசம் ஆகற வரைக்கும் அங்கதான். நான் போக முடியாது. பொண்ணக் குடுத்த ஊட்ல மாமனாரு மாசக்கணக்குல சம்மணம் போட்டு உக்காந்து தின்னா ஊரு என்ன பேசும்? ரெண்டு நாள் விருந்தாளி, மூணாம் நாள் பஸ்ஸு. அதான் மொறை.

அதுக்கும் முட்டைக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. எழுதணும்னு தோணுச்சு, எழுதுனேன்.

பிப்ரவரி 5, புதன்

கண்ணாஸ்பத்திரி. ஆறு வாரத்துக்குச் சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு நாலு வாட்டி. உட்டுட்டு அஞ்சு நிமிசம் கண்ண மூடியே இருக்கணும். தெனம் முட்ட சாப்புடலாமாம். டாக்டரு நல்லா இருக்கோணும்!

ஊட்டுக்கு வந்து பாவாயி எனக்குப் பாடம் நடத்துனா. மொகம் பாக்கற கண்ணாடிய முன்னால வச்சுக்கோங்க, கீழ் இமைய இப்படி இழுங்க, பாட்டில அமுக்குங்க. முதல் சொட்டு மூக்குல உழுந்துச்சு. ரெண்டாவது மீசையில. மூணாவது சட்டப் பையில.

"வேணும்னே பண்றீங்க"ன்னா.

"கை நடுங்குது புள்ள."

"சீட்டு வெளையாடறப்ப நடுங்காத கையி!"

அப்புறம் அவளே தாடையப் புடிச்சு அண்ணாக்க வச்சு உட்டா. மருந்து குளுகுளுன்னு எறங்குச்சு. சொல்லக் கூடாது, அவ கை பட்டா ஒரு சொட்டு கூட வெளிய போறதில்ல.

பொறவு அவளோட பழைய நூல் சீலைகளத் துண்டு துண்டாக் கிழிச்சுத் துவைச்சுக் காயப் போட்டா. கொழந்தைக்குத் துணியாம். புதுத்துணி ஒடம்ப அறுக்குமாம். வசம்பு, மாசிக்காய், எல்லாம் பொட்டலம் கட்டிப் பையில வச்சுட்டா. இன்னும் பதினோரு நாளு கெடக்குது, இப்பவே பையி ரெடி.

பிப்ரவரி 6, வியாழன்

மூணாவது வாட்டி. இன்னிக்கி அவ சட்டிய உட்டு நகரவே இல்ல. கூரியர்க்காரன் வந்திருக்கான்னு ஒரு பொய்யச் சொன்னேன், வாசலுக்குப் போனா. அவ்வளவுதான்.

ஒடஞ்ச முட்டைய உள்ளங்கையில ஏந்திக்கிட்டு அடுப்படித் தரையில உக்காந்துட்டா. கத்துவான்னு பாத்தேன். கத்தல.

"ஏனுங்க, எங்கம்மாளுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுதா?"

அவங்கம்மா கடசி நாலு வருசம் யாருன்னே தெரியாம கெடந்துச்சு. பாவாயியவே பாத்து நீ யாரு ஊட்டுப் புள்ளைன்னு கேக்கும். ஒரு நாளு தொட்டில்ல தூங்குன பேரனத் தூக்கிட்டுப் போயி மாட்டு வண்டி நிறுத்தற கொட்டாயில உட்டுட்டு வந்துருச்சு, எங்க வச்சோம்னே தெரியல. நல்ல வேளை, யாரோ பாத்துத் தூக்கியாந்தாங்க. அந்தக் கதைய இவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா. எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கா.

நான் இல்லன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"ஆமா. உங்கம்மாளுக்கு மொதல்ல சோறுதான் வேகல. உனக்கு முட்ட"ன்னேன்.

சிரிப்பான்னு நெனச்சுத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வெள்ளிக்கெழமை. முட்ட இல்ல. எனக்கும் லீவு.

பிப்ரவரி 9, ஞாயிறு

ராணி போன் பண்ணா. பாவாயி துணி மடக்கப் போயிருந்தா.

"அப்பா, அன்னிக்கி முட்டன்னு சொன்னீங்களே, நெசமாவா? அம்மா எங்கிட்டப் பேசறப்ப ஒரு மாதிரியே இருக்காங்க. எனக்கு மறதி வந்துட்டா என்ன பண்ணுவ கண்ணுன்னு கேக்கறாங்க."

வெளையாட்டுன்னு சொல்லி முடிச்சிருக்கோணும். ஆனா வாய் ஒரு எடத்துல நிக்கற வாயா இது. இறக்கத்துல வண்டி பிரேக்கு புடிக்காமப் போற மாதிரி போச்சு.

"முட்ட கெடக்குது உடு. நேத்து கேஸத் தொறந்து உட்டுட்டுப் பத்த வக்காமப் போயிட்டா. நான் மோப்பம் புடிச்சு அடச்சேன்"னேன்.

அது நடக்கல. முட்டையாவது நடந்துச்சு. இது நடக்கவே இல்ல. ஒரு சொல்லு சேந்து உழுந்துருச்சு.

"அலோ, கண்ணு?"ன்னேன்.

"கேஸாப்பா?"ன்னா. அவ்வளவுதான். வச்சுட்டா.

பாவாயி எட்டு மணிக்கு மருந்து உட வந்தா. நேரம் தப்பல.

பிப்ரவரி 10, திங்கள்

ராணியே போன் பண்ணி அம்மாகிட்டக் குடுக்கச் சொன்னா. பாவாயிக்கு ஒத்தக் காது மந்தம், எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவா.

"அம்மா, நீங்க பதினாறாந்தேதி வர வேண்டாங்மா. அத்தையே இருக்காங்க. அவங்க தங்கச்சியும் வர்றாங்க. நீங்க மொதல்ல ஒரு நல்ல டாக்டரப் பாருங்க. கொழந்தைய அப்புறமா... அப்புறமா நாங்களே கூட்டியாந்து காட்டறோம்."

"ஏங்கண்ணு, நான் என்ன பண்ணுனேன்?"

"ஒன்னும் பண்ணலம்மா. அத்தை பயப்படறாங்க. பச்சக் கொழந்தங்மா. எட்டு வருசங்மா."

பாவாயி சரி சாமின்னா. உடம்பப் பாத்துக்கன்னா. போன வச்சுட்டு ரூமுக்குப் போயி அந்தப் பையத் தொறந்து, சீலைத் துண்டு ஒவ்வொன்னா எடுத்து அலமாரியில அடுக்குனா. வசம்ப எடுத்து அடுப்படி டப்பாவுல போட்டா. காலண்டரப் பாத்தா, செவப்புச் சுழிய நகத்தால சொரண்டுனா. பேனா மை, போகுமா.

நான் டிவியப் போட்டேன். இங்கியே இருக்கப் போறா. ஜெயிச்சாச்சுன்னு எழுதலாம்னு பாத்தேன். எழுதுனா நல்லா இல்ல.

பிப்ரவரி 12, புதன்

ரெண்டு நாளா அவ முட்டையத் தொடல. ரசம், அப்பளம். டாக்டரு முட்ட சாப்புடச் சொன்னாருன்னேன். "ஆம்லெட் வேணும்னா கேளுங்க, வேக வக்கிறது எனக்கு வராது"ன்னா.

அடுப்ப அணச்சுட்டு மூணு வாட்டி திரும்பி வந்து திருகித் திருகிப் பாக்கறா. பூட்டுன கதவ இழுத்துப் பாக்கறா. என் பேரு என்னன்னு அவளா வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கறா, கேட்டேன். சென்னியப்பன், சென்னியப்பன். அம்பது வருசத்துல என் பேர அவ சொல்லி இன்னிக்கித்தான் காதுல கேட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இத எழுதாம உட்டுருவேன். ஆனா ட்ரிப்பு நோட்டுல வண்டி கவுந்த நாளத்தான் மொதல்ல எழுதோணும்.

காலையில பாவாயி கடையில ஒரு டஜன் முட்ட வாங்கியாந்தா.

"ஏனுங்க, இன்னிக்கிப் பன்னெண்டும் போடறேன். பன்னெண்டும் வெந்துச்சுன்னா எனக்கு ஒன்னுமில்ல. ஒன்னே ஒன்னு வேகலீனாலும் நீங்க சொல்ற டாக்டருகிட்ட நானே வர்றேன். பொறவு அடுப்பத் தொட மாட்டேன்."

சாமி முன்னால கற்பூரம் வக்கிற மாதிரி வேக வச்சா. எறக்குனா. தண்ணியில போட்டா. "கொல்லையில துணி எடுத்தாறேன்"னு போனா.

வர மாட்டேங்கறா. ஒரு துணி எடுக்க எவ்வளவு நேரம்? பறவைகூட அவ்வளவு நேரம் கொடியில உக்காராது. சும்மா இருந்திருந்தா முடிஞ்சுது. அவளுக்கு நிம்மதி. எனக்கு என்ன நட்டம்? எல்லாந்தான் முடிஞ்சு போச்சே, ராணிதான் வர வேண்டாம்னுட்டாளே.

ஆனா பன்னெண்டும் வெந்துச்சுன்னா போன் போட்டு, எனக்கு ஒன்னுமில்ல வர்றேன்னு சொல்லுவா. அதுவும் தோணுச்சு. ஃப்ரிட்ஜுப் பக்கம் கை போயிருச்சு.

வந்தா. முட்டைய ஒடைக்கல. சட்டிய எம் முன்னால மேசையில வச்சா.

"ஏனுங்க, இந்த முட்டையெல்லாம் என்ன நெறம்?"

"என்ன கேள்வி இது? வெள்ள."

"எல்லாமா?"

"பின்ன, முட்ட கிளிப்பச்சையிலயா இருக்கும்? முட்ட ஆயாவுக்கு இப்ப நெறமும் மறந்து போச்சா?"

அவ குனிஞ்சு எங் கண்ணாடிய மெதுவாக் கழட்டுனா. ஜன்னல் வெளிச்சம் ஊசியாட்டம் குத்துச்சு. கண்ணச் சுருக்கிப் பாத்தேன்.

பதினோரு முட்ட செங்கல் நெறத்துல இருந்துச்சு. ஒன்னு மட்டும் வெள்ள வெளேர்னு பல்லாட்டம் இளிச்சுச்சு.

"வெங்காயத் தோலுங்க. தண்ணியில போட்டு வேக வச்சா இந்தக் கலரு ஏறும். ஸ்கூல்ல ரெண்டு அடுப்பு போட்டு வேக வக்கிறப்ப வெந்ததும் வேகாததும் கலந்துறக் கூடாதுன்னு ஒரு அடுப்புக்குத் தோலு போடுவோம். இருவத்தொம்பது வருசமாச் செஞ்சது, நேத்துத்தான் நெனப்பு வந்துச்சு."

அப்புறம் எங்கிட்ட வந்து லுங்கி மடிப்புல கைய உட்டு, சூடா இருந்த செங்கல் முட்டைய எடுத்தா. தட்டுனா, உரிச்சா, உப்புக் கூடப் போடாம நின்னுக்கிட்டே தின்னா. முழுசும் தின்னு முடிக்கற வரைக்கும் எம் மூஞ்சிய உட்டுக் கண்ண எடுக்கல.

"நான் சும்மா வெளையாட்டுக்கு..."ன்னேன்.

"எங்கம்மாளச் சொன்னீங்களே"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. கண்ணாடிய மாட்டி உட்டா. மத்தியானம் ஒரு மணிக்கு மருந்து உட்டா. ஒரு சொட்டு கூட வெளிய போகல.

பிப்ரவரி 14, வெள்ளி

"போன் போடுங்க. நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க"ன்னா. ஸ்பீக்கர்ல போட்டேன். அவ எதுக்கால முக்காலியில உக்காந்தா.

"கண்ணு, அம்மாளுக்கு ஒன்னுமில்ல. முட்டைய நான்தான் மாத்தி மாத்தி வச்சேன். கேஸு தொறந்து கெடந்ததும் பொய்யி. நான் உட்ட பொய்யி."



"அப்பா, அம்மா இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"ஆமா... இல்ல, அவ சொன்னா, ஆனா நெசம்தான் கண்ணு."

"தெரியுங்ப்பா." அழுகுறா. "நான் இங்க ஒரு டாக்டரம்மாவக் கேட்டேன். இந்த வியாதி வந்தவங்க பக்கத்துல இருக்கறவங்க மேல பழி போடுவாங்களாம். நீங்கதான் எடுத்தீங்க, நீங்கதான் மாத்துனீங்கம்பாங்களாம். அம்மா மனசு நோகக் கூடாதுன்னு நீங்க உங்க தலையில ஏத்திக்கறீங்க."

"இல்ல கண்ணு, சாமி சத்தியமா நான்தான்..."

"போதுங்ப்பா. இந்தக் கண்ணோட நீங்க எப்படிங்ப்பா அடுப்படிக்குப் போயி முட்டைய மாத்துவீங்க? உங்களப் போயி நான் எத்தன நாளு வெளையாட்டுப் புத்திக்காரருன்னு நெனச்சிருக்கேன். அம்மாவ நல்லாப் பாத்துக்கங்க. அடுப்படியில தனியா மட்டும் உட்டுறாதீங்க."

அறுவத்தெட்டு வருசத்துல நான் பொய் சொன்னப்பல்லாம் நம்புன சனம், ஒரு நாளு நெசத்தச் சொன்னேன், நம்பல. வேற நாளா இருந்தா உருண்டு சிரிச்சிருப்பேன். கொஞ்சம் சிரிப்பும் வந்துச்சு, மறைக்கல.

பாவாயி அதப் பாத்துட்டா.

முக்காலியில இருந்து எந்திரிச்சு அலமாரியத் தொறந்தா. சீலைத் துண்டெல்லாம் திரும்பப் பையிக்குள்ள போச்சு.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏழே முக்கால் பஸ்ஸு. ஆறு மணிக்கே குளிச்சுச் சீலை கட்டிட்டா.

"வர வேண்டாம்னு சொல்லிட்டாளே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போற?"ன்னேன்.

"முட்ட ஆயா மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான். அவ ஊட்டு அடுப்புல, அவ முன்னால, அவ மாமியா முன்னால முட்ட வேக வச்சு உரிச்சுக் காட்டறேன். நூறானாலும் சரி. ஒன்னு ஒழுகுனா அப்பவே திரும்பி வந்தர்றேன்."

"உள்ளயே உடலீன்னா?"

"வாசல்ல அடுப்பு கூட்டறேன்."

"எனக்குச் சோறு?"

மேசையக் காட்டுனா. ஒரு கிண்ணத்துல ஆறு முட்ட இருந்துச்சு. வெள்ள.

"வெந்துதா?"

"மூணு வெந்துது, மூணு வேகல. உங்களுக்குத்தான் வெளையாட்டுப் புடிக்குமே."

கிண்டல்தான். எங்கிட்டக் கத்துக்கிட்டது. நல்லா இருந்துச்சு, நல்லா இருக்குதுன்னு சொல்லவும் வாயெடுத்தேன், அதுக்குள்ள அவ மருந்துப் பாட்டில எடுத்தா. நாற்காலியில உக்கார வச்சு, கண்ணாடியக் கழட்டி, தாடையப் புடிச்சு அண்ணாக்க வச்சா. ஒரு சொட்டு, நேராக் கண்ணுக்குள்ள. பாட்டில மூடி எஞ் சட்டப் பையில போட்டு, பையத் தட்டி உட்டா.

"அடுத்தது ஒரு மணிக்கு. இப்பக் கண்ண மூடுங்க. அஞ்சு நிமிசம் தொறக்கக் கூடாது."

மூடுனேன். மூடுனா எல்லாம் ஒரே கருப்பு, அவ மூஞ்சி தெரியல, அதனாலதான் பேச முடிஞ்சுது.

"பாவாயி, இது வெளையாட்டுக்குச் சொல்லல புள்ள. கேட்டுட்டுப் போ. முட்டைய எதுக்கு மாத்துனேன்னா, நீ சனிக்கெழமை சாயங்காலம் காலண்டர்ல செவப்புப் பேனாவுல சுழிச்சீல்ல, சுழிச்சுட்டுச் சிரிச்ச மூஞ்சியோட திரும்புனீல்ல, அப்ப எனக்கு..."

வாசக் கேட்டுல கொண்டி விழற சத்தம் கேட்டுச்சு.

அஞ்சு நிமிசம் ஆகலீன்னு நான் கண்ணத் தொறக்கல.